காசல்ரீ படகும் ஒரு தேக்கு மேசையும்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் உள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நாங்கள் ஓட்டும் படகில் பத்துப் பேர் உட்காரலாம். மேலே தகரக் கூரை, நடுவில் ஐந்தடிக்கு இரண்டரை அடியில் ஒரு தேக்கு மேசை. வருகிறவர்கள் பிளேன்டியும் (பால் இல்லாத தேத்தண்ணி) வடையும் வைத்துச் சாப்பிடுவது அதில்தான். அந்த மேசைக்கு நான் மூன்று தடவை பூச்சு வேலை பார்த்திருக்கிறேன். முதல் இரண்டும் வீணாய்ப் போனவை.

முதல் தடவை ஆளிவிதை எண்ணெய். யாரோ சொன்னார்கள், நானும் பூசினேன். இரண்டு வாரம் மேசை தேன் மாதிரி மினுங்கியது. மே மாதம் தென்மேற்கு மழை பிடித்ததும் வெயிலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. ஜூன் கடைசியில் மேசை முழுக்க மிளகு தூவிய மாதிரி கறுப்புப் புள்ளி. ஈரமும் குளிரும் உள்ள இடத்தில் அந்த எண்ணெய் பூஞ்சணத்துக்கு நல்ல சாப்பாடு. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும். குவித்துப் போட்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்.

இரண்டாவது தடவை, ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வார்னிஷ் வாங்கி நேராக அடித்தேன். மூன்று நாள் ஆகியும் கை வைத்தால் ஒட்டியது. ஒரு மாதத்தில் ஓரத்தில் நகத்தை விட்டால் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. கடைக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு அவர் மேல் இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பழைய ஆசாரி மாமா ஒருவர் இருக்கிறார், தொழிற்சாலை மரவேலை முழுக்கப் பார்த்தவர். மேசையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, தேக்கு தானே எண்ணெ உள்ள மரம். அத எடுக்காம மேல வார்னிஷ் அடிச்சா எப்படிப் பிடிக்கும்?”

விஷயம் அவ்வளவுதான். தேக்கை மழையிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பாற்றுவது அதன் சொந்த எண்ணெய்தான். அதே எண்ணெய்தான் வார்னிஷைக் காயவும் விடாது, ஒட்டவும் விடாது.

போன ஜனவரியில் மேசையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிவனொளிபாத மலை யாத்திரை சீசன், நோர்வூட் வழியாக பஸ் மேல் பஸ் போகிற நேரம். படகில் தற்காலிகமாக ஒரு பலகையைப் போட்டு ஓட்டினோம். முதலாளிக்கு முகம் சரியில்லை. ஆனால் இந்தப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சை விட்டால் வார்னிஷுக்கு வேறு மாதம் கிடையாது.

பழைய பூச்சைக் கண்ணாடித் துண்டால் சுரண்டினேன், மாமா காட்டிய முறை. தேக்கில் மணல் மாதிரி சிலிக்கா இருக்கிறது, உளியும் சீவுளியும் சீக்கிரம் மழுங்கிவிடும். கண்ணாடி மழுங்கினால் இன்னொரு துண்டு, சரி. பிறகு சொரசொரப்பானதில் தொடங்கி மென்மையானது வரை 80, 120, 180 என்று சாண்ட் பேப்பர். அந்தத் தூள் பொல்லாதது. முகமூடி போடாமல் தேய்த்த அன்றைக்குத் தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோனது.

மேசை நடுவில் ஒரு கறுப்பு வளையம் மட்டும் போகவில்லை. துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றை அங்கேதான் வைப்போம், அதன் மேலேயே தேத்தண்ணியும் சிந்தும். தேயிலையின் துவர்ப்புச் சாயமும் இரும்பும் சேர்ந்தால் மை. தேக்கிலும் அந்தத் துவர்ப்பு இருப்பதால் மை மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஒக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துப் பூசி, கால் மணி நேரம் விட்டேன். வளையம் கண் முன்னாலேயே பழுப்பாகி, மங்கி, போய்விட்டது. அது விஷம், கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவியதை மூன்று நாள் நிழலில் காயவிட்டேன். மேசையைப் படகில் பூட்டியிருந்த இரும்பு போல்ட்டுகளையும் தூக்கிப் போட்டுவிட்டு, துருப்பிடிக்காத எஃகில் வாங்கினேன்.

அடுத்தது அசிட்டோன், எண்ணெயைக் கரைத்து எடுக்கும் திரவம். வெள்ளைத் துணியை நனைத்துத் துடைத்தால் துணி மஞ்சள் கலந்த பழுப்பாக வருகிறது. அதுதான் அந்த எண்ணெய். துணியை மாற்றி மாற்றி, நிறம் வெளுக்கும் வரை துடைத்தேன். துடைத்தது ஆவியானதும் பூசிவிட வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் மறுபடி மேலே ஏறிவிடும்.

வார்னிஷ் இந்தத் தடவை படகுக்கான வகை, வெயிலைத் தாங்கும் மருந்து கலந்தது. இங்கே நாம் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறோம், குளிர் என்றாலும் வெயில் உறைக்கும். முதல் பூச்சில் பாதிக்குப் பாதி தின்னர், அது மரத்துக்குள் இறங்கத்தான். இரண்டாவதில் கால் பங்கு. மூன்றாவதிலிருந்து அப்படியே. டின்னைக் குலுக்கக் கூடாது, குமிழி வரும். மேசையின் அடிப்பக்கத்துக்கும் பூச வேண்டும்; மேலே மட்டும் அடைத்தால் ஈரம் கீழ்வழியாக ஏறிப் பலகை வளையும். பலகை முனைகளுக்கு இரண்டு கோட் கூடுதலாகக் கொடுத்தேன், தண்ணீர் அங்கேதான் குடிக்கிறது.

நாலாவது கோட்டில் அடி வாங்கினேன். பின்னேரம் மூன்று மணிக்கு வெயில் நன்றாக இருந்தது, அடித்துவிட்டேன். ஐந்து மணிக்கு வாவியிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கூரை வரை மூடியது. காலையில் மேசை பால் ஊற்றிய மாதிரி வெளிறிப் போயிருந்தது. 320 தாளால் முழுக்கத் தேய்த்து மறுபடி அடித்தேன். அன்றிலிருந்து காலை பத்துக்கு முன்னும் பகல் ஒன்றுக்குப் பின்னும் பிரஷைத் தொடவில்லை. கோட்டுக்குக் கோட் இரண்டு நாள் இடைவெளி, ஒவ்வொரு தடவையும் லேசான தேய்ப்பு. எட்டுக் கோட்டுக்கு மூன்று வாரத்துக்கு மேல் போனது.

மூடுவதற்கு முதலாளி பொலித்தீன் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன், உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். கென்வஸ் துணியில் தைக்கச் சொன்னேன், இப்போது இரவில் அதுதான். சுடு கேத்தலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு கட்டாயம், ஏற்கெனவே ஒரு வெள்ளை வளையம் விழுந்துவிட்டது, யாரென்று கேட்டால் யாரும் இல்லை.

கடைசிக் கோட்டில் ஒரு குட்டி ஈ விழுந்து ஒட்டியது. குச்சியால் எடுக்கப் போனால் கோடு விழும் என்று விட்டுவிட்டேன். வலது மூலையில் இன்னும் இருக்கிறது. வரும் ஜனவரியில் வழக்கமான ஒரு கோட் போடும்போது தேய்த்து எடுக்கலாம் என்றிருக்கிறேன்.