மாடு வாங்கப் போய் பதினொரு மாதம்

2024 தீபாவளி முடிந்த மறுவாரம் அம்மா இன்னொரு மாடு வாங்கலாம் என்றார். ஏற்கெனவே ஒன்று நிற்கிறது, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் தகரம் அடித்த பட்டியில். ஒரு மாட்டுக்குப் புல் அறுக்கிற கை இரண்டுக்கும் சேர்த்து அறுத்துவிடும், பால் வேன் எப்படியும் ரோட்டு முனைக்கு வருகிறது, அப்புறம் என்ன என்பது அம்மாவின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் நல்ல கலப்பு மாடு இரண்டரை இலட்சத்துக்குக் கீழே யாரும் தருவதாக இல்லை, பட்டியையும் கொஞ்சம் இழுத்துக் கட்ட வேண்டும், ஆக மூன்று இலட்சம். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் நாலு வருஷமாக வேலை செய்கிறேன், பேங்கில் லோன் போடுவது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். பணம் கைக்கு வந்தது 2025 செப்டம்பர் கடைசியில்.

மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கம் இன்னும் பலர் இதே மாதிரி அலையப் போகிறீர்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பேங்கின் பேரைச் சொல்லவில்லை, எந்த பேங்காக இருந்தாலும் கேட்கிற கடதாசி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் தடவை போன அன்றே ஒரு விஷயம் உறைத்தது. அம்மா ஒரு நாள் டவுனுக்கு வந்தால் அன்றைக்குத் தோட்டத்தில் பேர் இல்லை, அதாவது அந்த நாள் கூலி இல்லை. 2024 செப்டம்பரில் ஏறின கணக்கில் அப்போது ஒரு பேருக்கு 1,350 ரூபாய், அது போச்சு, பஸ் காசு, இரண்டு தேத்தண்ணி, ரோல்ஸ். எட்டரைக்கு வந்து நின்று பத்தரைக்கு நம்பர் வந்து, பேங்க் மிஸ் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்: அடையாள அட்டை, முகவரிக்கு ஆதாரம், வருமானத்துக்கு ஆதாரம், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், பிணைக்கு இரண்டு பேர். அவ்வளவுதான். அந்தத் துண்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

முகவரி. கொழும்பில் இருக்கிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை, கரண்ட் பில்லைக் காட்டினால் முடிந்தது. லயத்தில் எங்கள் வீடான காம்பராவின் கரண்ட் பில் இன்னும் தாத்தா பேரில் வருகிறது, தாத்தா செத்துப் பதினாறு வருஷம். கடிதம் எல்லாம் தோட்ட ஒஃபிசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார்கள், வந்தால் வந்தது. லயத்துக்கு நம்பர் உண்டு, ஆனால் மேல் டிவிஷனிலும் ஆறாம் நம்பர் லயம் இருக்கிறது, கீழ் டிவிஷனிலும் இருக்கிறது. ஜீ.எஸ். ஐயாவிடம் கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் எடுத்து, அதைப் பிரதேச செயலகத்தில் ஒப்பமிடுவித்து, கூடவே தோட்ட ஒஃபிசில் கிளாக்கரையாவிடம் ஒரு கடிதமும் வாங்கினோம். பட்டி நிற்பது தோட்டத்துக் காணியில், அதனால் மாடு வைத்திருக்கத் தோட்டத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று இன்னொரு கடிதம். தோட்ட மேனேஜர் துரை லீவில் போயிருந்தார், அதற்கு மட்டும் மூன்று வாரம்.

அப்புறம் பேர்ப் பிரச்சினை. அடையாள அட்டையில் அம்மாவின் பேர் 'யி' என்று முடிகிறது, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பி காட்டில் அதே பேர் 'அம்மா' என்று முடிகிறது, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு விதம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் செக்ரோல், அதாவது பேர்ப் பதிவு, எழுதினவருக்கு எது காதில் விழுந்ததோ அது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்தோம். நீங்கள் பேங்குக்குப் போவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்து முடித்துவிடுங்கள், உள்ளே போன பிறகு கண்டுபிடித்தால் இன்னொரு நாள் கூலி போய்விடும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். ஹட்டனில் 1888இலேயே வங்கி இருந்தது, வெள்ளைக்காரர்கள் தொடங்கினது, அதிலிருந்து வந்ததுதான் 1970இல் உருவான ஹட்டன் நஷனல் வங்கி. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்தில் கொழுந்து எடுத்த எங்கள் ஆட்களுக்கோ 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு பிரஜாவுரிமையே இல்லாமல் போச்சு, மிச்சம் இருந்தவர்களுக்கு அது முழுசாகக் கிடைக்க 2003 சட்டம் வர வேண்டியிருந்தது. என் அப்பாயி சாகும்வரைக்கும் ஒரு பேங்கின் வாசல்படி ஏறினதில்லை. காசு வேண்டுமென்றால் கடையில் கடன் எழுதுகிற கொப்பி, சீட்டு, இல்லை என்றால் காதில் கிடக்கிற தோடு. அடகுக்கு அடையாள அட்டையும் பவுனும் போதும், பத்து நிமிஷத்தில் காசு. மலையகத்தில் பவுன் நகை அலங்காரத்துக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, வருமானம். சம்பளம் எங்கள் தோட்டத்தில் இன்னும் கையில்தான், அதனால் பேங்க் புத்தகத்தில் ஒன்றும் ஏறவில்லை. 2023இல் அஸ்வெசும என்கிற அரசாங்க நிவாரணக் காசுக்காக அம்மா திறந்த கணக்கு ஒன்று இருந்தது, காசு விழுந்த அன்றே முழுசையும் எடுத்துவிடுவார், மீதி 340 ரூபாய். சம்பளச் சிட்டையைக் காட்டினோம். ஈபிஎஃப், தொழிற்சங்கச் சந்தா, தேயிலைத் தூள், தீபாவளி அட்வான்ஸ் எல்லாம் வெட்டி மிச்சம் இருக்கிற தொகையை மிஸ் இரண்டு தடவை பார்த்தார். அம்மா இருபத்தெட்டு வருஷமாக ஈபிஎஃப் கட்டுகிறார், அவருடைய சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் போடுவது 12 வீதம். அதை வைத்துத் தர மாட்டீர்களா என்று கேட்டேன். அது வீட்டுக்கென்றால்தான் முடியும், மாட்டுக்கு முடியாது என்றார். வீட்டுக்கு என்று கேட்டால் காணி உறுதி கேட்பார்கள். லயத்துக்கு ஏது உறுதி?

இதையெல்லாம் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஜனவரியில் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். இந்த முறை உள்ளே பேங்க் அதிகாரி ஒரு சேர், வயசானவர், சிங்களவர், நிதானமாகத் தமிழ் பேசினார். ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பி, "அம்மா, கிரிப்பில உங்க பேர் இருக்கே" என்றார்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான். கிரிப் என்பது கடன் தகவல் பணியகம், 1990இலிருந்து இருக்கிறது, யார் எங்கே கடன் வாங்கினார்கள், ஒழுங்காகக் கட்டினார்களா என்று வங்கிகளும் பைனான்ஸ் கம்பனிகளும் கொடுக்கிற விபரம் எல்லாம் அங்கே சேரும். நாங்கள் நினைக்கிற மாதிரி கறுப்புப் பட்டியல் ஒன்றும் அங்கே இல்லை, லோன் கொடுக்காதே என்று கிரிப் யாரிடமும் சொல்வதும் இல்லை. விபரத்தைக் காட்டும், முடிவு எடுப்பது பேங்க். முக்கியமான விஷயம், நீங்கள் பிணை நின்ற கடனும் அதில் உங்கள் பேருக்குக் கீழே வரும். இதுதான் எங்களுக்குத் தெரியாமல் போனது.

2017இல் லயத்துக்கு ஒரு பைனான்ஸ் கம்பனிக்காரர்கள் வந்தார்கள், மோட்டார் சைக்கிளில், சேட்டில் பேட்ஜ் குத்திக்கொண்டு. ஐந்து பொம்பளைகள் ஒரு குழு, ஒருத்தருக்கு ஒருத்தர் பிணை, பவுன் வேண்டாம், முகவரி கேட்பதில்லை, வாசலிலேயே காசு. அம்மா 50,000 எடுத்தார். கிழமைக்கு 1,200 வீதம் 52 கிழமை, மொத்தம் 62,400. 25 வீதம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கிழமையும் முதல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு 50,000க்கும் சேர்த்துப் போட்டது. குறைகிற முதலுக்குக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 45 வீதம் வருகிறது. நான் இதைப் போனில் போட்டுப் பார்த்தது 2025இல், அம்மா கட்டி முடித்து ஏழு வருஷம் கழித்து. 2018 கடைசியில் மத்திய வங்கி இந்த மாதிரி நுண்கடனுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது, அம்மாவின் கடன் அதற்கு முந்தியது.

அம்மா ஒரு கிழமைகூடத் தவறவில்லை. குழுவில் இருந்த ஒரு அக்காதான் பாதியில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். மிச்சம் 18,600. அது ஏழு வருஷமாக அம்மா பேருக்குக் கீழேயும் கிடந்திருக்கிறது. அந்த அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் போன நிலைமை எனக்குத் தெரியும்.

அம்மா அன்றைக்கு பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. நோர்வூட் தாண்டியதும், "நான் வாங்காத காசுக்கு என் பேரா?" என்று மட்டும் கேட்டார்.

இதைத் தீர்த்த விதம் இதுதான். முதலில் அம்மாவின் கிரிப் ரிப்போட்டை நாமே எடுத்தோம், ஒருவர் தன்னுடைய ரிப்போட்டைத் தானே கேட்டு எடுக்கலாம், பேங்கிலேயே போர்ம் கொடுத்தார்கள். அதில் எந்தக் கம்பனி, எந்தக் கடன், எவ்வளவு என்று இருந்தது. அந்தக் கம்பனிக்குப் போனால் வட்டிக்கு வட்டி போட்டு ஐம்பதாயிரத்துக்கு மேல் ஒரு தொகை சொன்னார்கள். வாயால் சண்டை போட்டுப் பிரயோசனம் இல்லை என்று இரண்டு தடவை போனபின்தான் புரிந்தது. கணக்கு விபரத்தை எழுத்தில் தரச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் சீல் அடித்து வாங்கினேன். ஒரு மாதம் பதில் இல்லை. அப்புறம் மத்திய வங்கியின் 1935க்கு எடுத்தேன், நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாட்டுக்கு உள்ள இலக்கம், தமிழில் பேசினார்கள், முறைப்பாட்டை எழுத்தில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். மூன்று வாரத்தில் கம்பனியே கூப்பிட்டு, 22,000க்கு முடித்துக்கொள்ளலாம் என்றது. கட்டினோம். அநியாயம்தான், ஆனால் மாடு வேண்டும்.

கட்டிய அன்றே கடன் தீர்த்த கடிதத்தைக் கையோடு வாங்குங்கள். கிரிப் தானாக எதையும் திருத்தாது, கடன் கொடுத்த கம்பனி புது விபரத்தை அனுப்பினால்தான் மாறும். எங்களுக்கு மாற ஜூன் ஆகிவிட்டது.

இந்த இடைவெளியில் நடந்ததுதான் உண்மையில் லோனை வாங்கித் தந்தது. ஜனவரியில் நாங்கள் எழும்பி வரும்போது அந்த சேர், "பால் காசு எப்படி வருது?" என்று கேட்டார். கையில் என்றோம். புத்தகம் இருக்கா என்றார். அம்மா சொப்பிங் பேக்கிலிருந்து பால் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஓரம் எல்லாம் சுருண்டு, சாணி வாடையும் பால் வாடையும் சேர்ந்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: தேதி, லீட்டர், கொழுப்பு, எடுத்தவரின் கையெழுத்து. மழைக்கு மண் சரிந்து வேன் வராத நாட்களில் அம்மா பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். அந்த சேர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். இரண்டு வருஷத்தில் பால் போகாத நாட்களை விரல் விட்டு எண்ணினார். பிறகு, இந்தக் காசைக் கணக்கில் போடச் சொல்லுங்கள், ஆறு மாதத்துக்கு வந்த உடனே எடுக்க வேண்டாம், பாதியாவது பத்து நாள் கிடக்கட்டும், ஜூலை முடியட்டும், வாங்க என்றார்.

பால் எடுக்கிற சங்கத்தில் சொல்லி மாற்றினோம். சொல்ல லேசு. கையில் வந்த காசு பேங்கில் போய் விழுந்தால் கடைக் கொப்பிக்கு என்ன கொடுப்பது? முதல் இரண்டு மாதம் வீட்டில் தினமும் சண்டை. நான்தான் கடையில் அட்வான்ஸ் எடுத்து ஓட்டினேன்.

பிணையாளர்கள் பற்றிச் சுருக்கமாக. எங்கள் சொந்தத்தில் ஒரே ஒரு டீச்சர், மாமா மகள். அவரிடம் போனால் வடை, தேத்தண்ணி எல்லாம் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே நாலு பேருக்கு சைன் வைத்திருப்பதாகச் சொன்னார். தோட்டத்தில் படித்து அரசாங்க வேலைக்குப் போன ஒவ்வொருத்தர் வாசலிலும் இப்படி ஒரு வரிசை நிற்கிறது, கோபிக்க முடியாது. அம்மாவின் கதையைக் கேட்ட பிறகு எனக்கே யாருக்கும் சைன் வைக்கப் பயம். கடைசியில் ஒரு ஆள் நான், என் சம்பளச் சிட்டையோடு. இன்னொருவர் பால் சங்கத்தில் நாலு மாடு வைத்திருக்கிற அண்ணன், அவருடைய கணக்கில் பால் காசு ஐந்து வருஷமாக விழுகிறது. சங்க ஆளைப் பிணைக்கு எடுப்பார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களாகக் கேட்டதால் எடுத்தார்கள்.

ஓகஸ்டில் மறுபடி கொடுத்தோம். கால்நடை வைத்தியர் மாட்டைப் பார்த்து விலை போட்டுக் கடிதம் தந்தார், காதில் தோடு அடித்தார்கள், மாட்டுக்குக் காப்புறுதி. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது, ஒவ்வொரு பக்கத்துக்கும் தமிழில் சொன்னால்தான் அம்மா சைன் வைப்பார் என்று நின்றேன், பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், நிற்கட்டும். மூன்று இலட்சம், 12 வீதம், குறைகிற முதலுக்கு, நாலு வருஷம், மாதம் 7,900. காசு மாடு விற்றவரின் கணக்குக்கும் மிச்சம் அம்மாவின் கணக்குக்கும் போனது. மொத்தம் பதினான்கு தடவை டவுனுக்கு, அதில் அம்மா எட்டு தடவை. எட்டு நாள் கூலி, 10,800 ரூபாய். அந்தக் காசை எந்த போர்மிலும் யாரும் கேட்கவில்லை.

மாடு வந்து இப்போது மூன்றாம் மாதம். முதல் வாரம் பழைய மாடு இதைப் பட்டிக்குள் விடவே இல்லை, முட்டித் தகரத்தை வளைத்துவிட்டது. தவணை வெட்டினதும் போனுக்கு ஆங்கிலத்தில் மெசேஜ் வரும், அம்மா எனக்கு எடுத்து என்ன சொல்லுது என்று கேட்பார். பேங்க் புத்தகமும் பால் புத்தகமும் இப்போது ஒரே சொப்பிங் பேக்கில் கிடக்கிறது, அதனால் பேங்க் புத்தகத்துக்கும் சாணி வாடை. போன கிழமை பக்கத்துக் காம்பரா சித்தி வந்து, 2017இல் அம்மாவோடு அதே குழுவில் இருந்தவர், தன்னுடைய ரிப்போட்டையும் எடுத்துத் தரச் சொல்லி அடையாள அட்டையின் போட்டோ கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வரும் வியாழக்கிழமை கடை லீவு, கூட்டிக்கொண்டு போகிறேன்.