பாட்டியின் மேசைக்கு மயில்நீலம்

"தேக்கில் பெயின்ட் அடிக்கிறவனைத் தெய்வம் மன்னிக்காது" என்று அம்மா முதல் நாளே சாபம் விட்டுவிட்டார். தேக்காக இருந்தால் நானும் தொட்டிருக்க மாட்டேன். பாட்டியின் இந்தச் சின்ன மேசை வேம்பு.

பழைய வார்னிஷை 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. மர இழைக்குக் குறுக்கே தேய்த்துத் தொலைத்தேன். பிறகு அதைவிட நைசான 220ஆம் எண் தாள் போட்டும் கீறல்கள் முழுதாக மறையவில்லை. அடுத்த வாரம் வண்டு துளைத்த ஓட்டைகளுக்குப் பட்டி, அதன்மேல் பிரைமர். மூன்றாவது வாரம் மயில்நீல எனாமல். இரண்டு பூச்சுக்குப் பதிலாக ஒரே பூச்சாகத் தடிமனாக அடித்தால் என்ன என்று ஒரு காலில் முயன்றேன். வழிந்து, சொட்டு சொட்டாக அப்படியே உறைந்து நிற்கிறது. அந்தக் கால் இப்போது சுவரோரம்.

இழுப்பறையின் உட்புறத்தில் மட்டும் கை வைக்கவில்லை. பாட்டி பென்சிலால் எழுதிய பால் கணக்கு அங்கே இருக்கிறது: "அரைப்படி. செவ்வாய் வரவில்லை." வசம்பு வாசனையும் போகவில்லை.

அம்மா தன் மூக்குக்கண்ணாடியையும் மாத்திரை டப்பாவையும் இப்போது அதன்மேல்தான் வைக்கிறார். நிறத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.