இரண்டாம் மதகின் கடைசிக் கழனி

சென்னை மேடவாக்கத்து வீட்டை விற்றுவிட்டு உத்திரமேரூர்ப் பக்கம் 2024 கோடையில் குடிவந்தோம். அன்று முதல் எங்களை அறிந்தவர்கள் கேட்பது இரண்டு கேள்விகள்தான்: பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும், பிழைப்புக்கு என்ன வழி? மகள் பஸ் ஏறி உத்திரமேரூருக்குப் போய்ப் படிக்கிறாள். மகன் ஊர்ப் பள்ளியில் சேர்ந்துவிட்டான். என் கணவர் இன்னும் சம்பளத்துக்குத்தான் வேலை பார்க்கிறார், வாரத்தில் சில நாள் சென்னையில், மற்ற நாள் திண்ணையில். இரண்டு ஏக்கர் நிலம் ஐந்து பேருக்குச் சோறு போடும். பள்ளிக் கட்டணத்தையும் மருந்துச் செலவையும் அது தராது. இதை மறைத்து யாருக்கும் ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை.

தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நாங்கள் ஊரை விட்டு வந்ததே அதனால்தான்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற சென்னைக் குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டபோது எங்கள் குடியிருப்பு முழுக்க லாரித் தண்ணீரை நம்பியே இருந்தது. லாரி எப்போது வரும் என்பதை வைத்துத்தான் சமையலும் துவையலும் நடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே தெருவில் இடுப்பளவு வெள்ளம். ஒருபக்கம் ஏரிகள், மறுபக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். நடுவில் தண்ணீர் போகவேண்டிய கால்வாய் எந்த மனைக்கு அடியில் கிடக்கிறது என்று சொல்ல ஆளில்லை. என் மாமியார் செய்யாற்றுப் பக்கம் கழனிக்காரர் வீட்டில் பிறந்தவர். மாடிப்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே, "ஏரிக்குள் போய் வீடு கட்டினால் ஏரியும் வீட்டுக்குள் வரத்தானேம்மா செய்யும்" என்றார். அந்த வாரமே நிலம் தேடத் தொடங்கினோம்.

நிலம் காட்ட வந்த தரகர்கள் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று என்று அடுக்கினார்கள். அவையெல்லாம் கட்டாயம் வேண்டும், வழக்கறிஞரை வைத்துப் பார்த்தோம். ஆனால் அத்தை கேட்டது வேறு. ஏரியில் எந்த மதகுப் பாய்ச்சல்? நிறைந்த ஏரி வழியும் கலங்கல் எந்தப் பக்கம்? ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, திறந்திருக்கிறதா? இவற்றுக்கு விடை தெரிந்த தரகர் ஒருவர்தான் இருந்தார். அவர் காட்டிய நிலத்தைத்தான் வாங்கினோம். இரண்டாம் மதகின் கடைசிக் கழனி, அதாவது தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை. போர்க் கிணறு ஒன்றும் இருக்கிறது. அதற்கு மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு நாம் எழுந்திருக்க வேண்டும். ஆனாலும் சம்பாப் போகத்துக்கு ஏரிதான்.

ஏரித் தண்ணீரைத் திறந்து பிரித்து விடுபவரை இங்கே கம்புகட்டி என்பார்கள். எங்கள் ஊர்க் கம்புகட்டி அறுபதைத் தாண்டியவர். அறுவடை முடிந்ததும் கழனிக்காரர்கள் அவருக்கு நெல்லாக அளந்துவிடுகிறார்கள். ஏரி நிறைந்திருக்கும்வரை அவரைத் தேடவேண்டியதில்லை. மட்டம் இறங்கினால் முறை வைப்பார், அப்போது அவர் சொல்லே முடிவு.

முதல் சம்பாவில் கிச்சிலிச் சம்பா நட்டோம். உயரமாக வளரும் நெல். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டது. அறுவடை மெஷின் அதில் இறங்கவில்லை, ஆள்விட்டு அரிவாளால்தான் அறுக்க முடிந்தது. அதனால் அடுத்த போகமான நவரையின் நடவு தள்ளிப்போய், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பங்குனி வந்துவிட்டது. ஏரி அடிமட்டத்தில் கிடந்தது, முறை சுற்றி எங்களிடம் வருவதற்குள் நிலம் வெடிக்கத் தொடங்கியது. எங்களுக்கு மேல் கழனி அண்ணன் குண்டு நெல் போட்டிருந்தார், அது பழுக்கத் தொடங்கியிருந்தது. அவர் கம்புகட்டியிடம் போய், "என் முறையை அந்தம்மாவுக்கு விடுங்கள், எனக்கு இனிமேல் தண்ணீர் ஆகாது" என்றார். நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. இரவு முழுக்க மடையில் நின்றோம். அந்த நவரை பிழைத்தது அந்த ஒரு பாய்ச்சலால்.

இதற்கு ஈடாக ஊர் கேட்பது ஒன்றுதான். மழைக்கு முன் வரத்துக் கால்வாயை ஒழுங்கு செய்யும் நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். கால்வாய் முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக் கருவேலமும். என் கணவர் கத்தி எடுத்தார், மகள் வெட்டியதை இழுத்துப் போட்டாள். மேடவாக்கத்தில் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டினோம், பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. இங்கே அந்த ஒரு நாளில் இரண்டாம் மதகுக்காரர்கள் எல்லோரையும் பெயரோடும் கோபத்தோடும் தெரிந்துகொண்டோம். ஆம், கோபமும் உண்டு. வரப்பை வெட்டிக் கள்ளத்தனமாகத் தண்ணீர் திருப்பிய பழைய கதைகளை இன்னும் யாரும் மறக்கவில்லை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, 919லும் 921லும் வெட்டியவை. குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் அவற்றைப் பேசுகிறார்கள். பிள்ளைகளோடு அங்கே போனபோது எனக்குப் பெரிதாகப்பட்டது ஏரி வாரியம். ஏரியைப் பார்க்க மட்டும் ஆறு பேர், குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் உறவினரும் நிற்க முடியாது. அது பிராமணச் சபை, உழுது நட்டவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் மகளிடம் சொன்னேன். அந்தக் கணக்கு விதி மட்டும் இன்றைக்கும் வேண்டியது.

ஏனென்றால் எங்கள் இரண்டாம் மதகின் கதவு துருப்பிடித்துக் கசிகிறது. ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், நூறு ஏக்கருக்குக் குறைந்த ஏரி என்பதால் எங்களுடையது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மனு கொடுத்திருக்கிறோம். அது நகரும்வரை காத்திருக்க முடியாதென்று ஏக்கர் கணக்கில் பணம் போட்டுத் தற்காலிகமாகச் சரிசெய்யப்போகிறோம். வசூல் நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் கோயில் திண்ணையில் வரவு செலவை உரக்கப் படிக்கிறேன்.

நிலம் வாங்க நினைத்து எனக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தை மாதம் பச்சையாக இருக்கும்போது பார்க்க வராதீர்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை வாருங்கள். கம்புகட்டியைத் தேடிப்பிடித்து அவரோடு கரை முழுக்க நடந்து பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.