விழுந்த கிளையில் ஒரு குடுவை

காற்றில் முறிந்த கிளை வழியில் கிடந்தால் என்னால் தாண்டிப் போக முடியாது. இந்த முறை கிடைத்தது சுமார் 12 சென்டிமீட்டர் தடிமன், அறுத்த முகத்தில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டியது. கொண்டுவந்ததும் இரண்டு முனைகளிலும் மெழுகை உருக்கிப் பூசினேன். மரத்தின் ஈரம் பக்கவாட்டை விட முனை வழியாகத்தான் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை மட்டும் முந்திச் சுருங்கினால் பிளவுதான்.

கிளையைக் கடைவது அடிமரத்தைக் கடைவது மாதிரி இல்லை. கிளை சாய்ந்தே வளர்கிறது, தன் பாரத்தைத் தானே தாங்குகிறது, அதனால் வளையங்கள் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் நெருக்கமாகவும் இருக்கும், வளையங்களின் மையம் கிளையின் நடுவில் இருக்காது. போதாததற்கு, மரம் மையத்திலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதை விட வளையத்தின் போக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். அந்த இழுப்பு எங்கேயாவது வெடித்துத்தான் தீரும். நான் முதலில் செய்த இரண்டு குடுவைகளும் அப்படித்தான் போயின. சுவரை விரல் பருமனுக்கு விட்டது தப்பு.

இப்போதெல்லாம் பச்சையாக இருக்கும்போதே மெல்லியதாகக் கடைந்து முடித்துவிடுகிறேன். மெல்லிய சுவர் வளைந்து கொடுக்கும், கனத்த சுவர் பிளக்கும். துண்டின் ஆட்டம் அடங்கும் வரை லேத்தை, அதாவது மரத்தைச் சுழற்றும் கடைசல் இயந்திரத்தை, மெதுவாகத்தான் ஓட்டுவேன், முகக் கவசம் இல்லாமல் பக்கத்திலேயே போக மாட்டேன். உளி சரியாகப் பிடித்துவிட்டால் ஈரச் சுருள்கள் நீளநீளமாகக் கையில் வந்து விழும், கூடவே சாறும் தெறிக்கும். உட்புறம் குடையும்போது விளக்கை வெளியே, சுவரை ஒட்டி வைத்துக்கொள்வேன். சுவர் மெலிய மெலிய ஈர மரத்தில் வெளிச்சம் செம்மஞ்சளாகக் கசியும். சுற்றிலும் ஒரே நிறம் வந்தால் கனமும் ஒரே அளவு. 4 மில்லிமீட்டரில் நிறுத்தினேன். அடிப்பாகத்தையும் அதே மாதிரி மெலிதாக்கி, மையம் வரும் புள்ளியில் மட்டும் ஒரு சொட்டுப் பசை விட்டேன், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அப்புறம் காகிதப் பையில் போட்டு, தினமும் எடை பார்த்தேன். எடை இறங்குவது நின்றதும் எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை! வாய் முட்டை வடிவமாகியிருந்தது. கணு இருந்த இடம் லேசாக வெளியே புடைத்திருந்தது, சுற்றியுள்ள மரம் சுருங்கினாலும் கணுவின் நார் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. அந்தப் புடைப்பை உப்புத்தாளால் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய் மட்டும் பூசினேன். இப்போதும் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் கட்டைவிரல் தானாக அங்கே போகிறது.