பிரிட்ஸ் டைரி: லாடக் குடியிருப்புல ஒரு ஏப்ரல்

ஏப்ரல் 5, 2025, சனி

பெர்லின்ல இருக்கேன்னு சொன்னா ஊர்ல எல்லாரும் பிராண்டன்பர்க் கேட் பக்கமான்னு கேக்கறாங்க. இல்லைங்க, நான் இருக்கறது தெற்கால, நொய்க்கோல்ன் வட்டத்துல பிரிட்ஸ்னு ஒரு ஏரியா. 1920 வரைக்கும் இது பெர்லினே கிடையாது, ஒரு ஜமீன் மாளிகையும் அதோட பண்ணை நிலமும் இருந்த கிராமம், அந்த வருஷம் சுத்தி இருந்த ஊரையெல்லாம் சேத்து கிரேட்டர் பெர்லின்னு ஆக்கினப்ப இதுவும் உள்ள வந்துடுச்சு. மாளிகை இன்னும் இருக்கு. பண்ணை நிலத்துலதான் நான் இப்ப ஒருத்தரோட வீட்ல உள்வாடகைக்கு இருக்கேன்.

இன்னிக்கு நல்ல வெயில், அதனால லாடத்துக்குள்ள போய் உக்காந்தேன். ஜெர்மன்ல ஹுஃபைசன்ஸீட்லுங், அதாவது லாடக் குடியிருப்பு. 350 மீட்டர் நீளத்துக்கு ஒரே கட்டடம், மூணு தளம், குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு, நடுவுல சரிவான புல்வெளி, அதுக்கும் கீழ குளம். குளத்த யாரும் வெட்டல, பனியுகத்துல விழுந்த பள்ளம். ஆர்க்கிடெக்ட் ப்ரூனோ டவுட் பள்ளத்த மண்ணு போட்டு மூடாம அதச் சுத்தி வீட்ட வளைச்சிருக்கார், கூட மார்ட்டின் வாக்னர். எல்லா வீட்டு பால்கனியும் குளத்த பாத்து இருக்கு, அதனால யாருக்கும் முன்பக்கம் பின்பக்கம்னு ஏத்த இறக்கம் இல்ல. குளத்துப் பக்கச் சுவர் வெள்ளை, பால்கனிக் குழிக்குள்ள மட்டும் நல்ல அடர் நீலம், நிழல்ல நின்னு பாத்தா தான் அந்த நீலம் தெரியும், போட்டோல சுத்தமா வரமாட்டேங்குது.

ஒரு பாட்டி மூணாவது தளத்துலேர்ந்து ஜன்னல்ல தலையணை போட்டு கை வச்சு கீழ பாத்துட்டே இருந்தாங்க, நான் போன் எடுத்ததும் உள்ள போயிட்டாங்க. இங்க போட்டோ எடுக்க வர்றவங்க மேல கடுப்பு நிறைய, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல வேற அஞ்சு குடியிருப்போட சேத்து இதையும் போட்டதுக்கப்புறம் பஸ்ல வந்து இறங்கறாங்க.

ஏப்ரல் 9, புதன்

ஆபீஸ்ல லஞ்ச்ல பேச்சு வந்துச்சு, டவுட் ஏழைத் தொழிலாளிக்கு சொர்க்கம் கட்டினார்னு ஒருத்தர் உருகறார். நான் சும்மா இருந்திருக்கலாம், முடியல.

கட்டின கதை நெஜமாவே நல்ல கதைதான். முதல் உலகப்போர் முடிஞ்சு பெர்லின்ல வீடே இல்ல. இருந்த வீடுகளும் பழைய காலத்து வாடகைக் கொத்து, முற்றத்துக்குப் பின்னால முற்றம், அதுக்குப் பின்னால இன்னொரு முற்றம், 1853 சட்டப்படி முற்றம் 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர் இருந்தா போதும், தீயணைப்பு வண்டி திரும்பணுமாம் அவ்ளோதான், மனுஷன் மூச்சு விடறத பத்தி சட்டத்துக்கு கவலையே இல்ல. 1923 பணவீக்கத்துல வீட்டு முதலாளிங்களோட அடமானக் கடன் எல்லாம் ஒண்ணுமில்லாம கரைஞ்சு போச்சு. சும்மா கிடைச்ச லாபம்தானேன்னு அரசாங்கம் 1924ல பழைய வீட்டு வாடகை மேல ஒரு வரி போட்டு அதுல ஒரு பங்கை புது வீடு கட்ட ஒதுக்கினாங்க. அதே வருஷம் தொழிற்சங்கங்கள் சேந்து கெஹாக்னு வீடு கட்டற கம்பெனி தொடங்குது, டவுட் அதுக்கு ஆர்க்கிடெக்ட். 1925ல இங்க வேலை ஆரம்பிச்சு 1933 வரைக்கும் ரெண்டாயிரத்துக்கு கொஞ்சம் கம்மியா வீடு. ஒவ்வொண்ணுலயும் தனி சமையலறை, பாத்ரூம், பால்கனி இல்லாட்டி தோட்டம். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம், இல்லேங்கல.

ஆனா வாடகை? கூலி வேலை செய்யறவனால குடுக்க முடியல. குமாஸ்தா, வாத்தியார், சங்க நிர்வாகி, கொஞ்சம் நல்ல சம்பளம் வாங்கின கைத்தேர்ச்சி தொழிலாளி, இவங்கதான் குடி வந்தாங்க. அதாவது அன்னிக்கே கீழ்த்தட்டு ஆளுக்கு இது எட்டல. நான் இதச் சொன்னதும் அவர் "ஆனாலும்"னு ஆரம்பிச்சார், அதுக்குள்ள மீட்டிங் வந்துடுச்சு.

சாயங்காலம் ஃப்ரிட்ஸ் ராய்ட்டர் அலே வழியா நடந்தேன். இந்த ரோடு ஒரு சண்டைக்களம். இந்தப் பக்கம் டவுட்டோட தட்டைக் கூரை, ரத்தச் சிவப்புல நீளமா ஒரு சுவர் மாதிரி வரிசை, பேரே "செம்முன்னணி". எதிர்ப்பக்கம் அதே சமயத்துல வேற கம்பெனி கட்டினது, ஓட்டுக் கூரை, அடக்கமான கிராமத்து முகம். நகராட்சி நிலத்த ரெண்டு கம்பெனிக்கும் பாதி பாதியா பிரிச்சு குடுத்ததோட வினை. தட்டைக் கூரை ஜெர்மன்தனமே இல்ல, அது கீழ்த்திசை நாட்டு வீடுன்னு அப்ப பேப்பர்ல எல்லாம் சண்டை. நம்ம ஊர் மொட்டை மாடில வடாம் காயவச்சு வளந்தவனுக்கு இதுல என்ன பிரச்சனைன்னே புரியல.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. லீவு கிடைக்கல, ஆறு மணிக்கு மேல ப்ளாஷ்கோ அலே கோயிலுக்கு போனேன், எங்க ஸ்டேஷன்லேர்ந்து ஒரே ஸ்டாப். மயூரபதி முருகன். ஜெர்மன் அடுக்கு வீடுகளுக்கு நடுவுல திடீர்னு மயிலும் வேலும். யூ7 மெட்ரோ லைன் இந்தப் பக்கம் வந்தது 1963ல, கோயில் வந்தது 2013ல.

செருப்பு ஸ்டாண்ட் நிரம்பி வழிஞ்சுது, குளிர் ஜாக்கெட் மாட்டற கம்பியும் அப்படியே, பட்டுப் புடவை மேல பஃபர் ஜாக்கெட் போட்டுட்டு வந்தவங்கதான் பாதிப் பேர். கற்பூர வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்து ஒண்ணு வருது பாருங்க, அது பெர்லின் கோயில்ல மட்டும்தான் வரும்.

பிரசாத வரிசைல முன்னாடி நின்ன அம்மா திரும்பி "தம்பி இந்தியாவோ?"ன்னாங்க. ஆமாம்மா திருச்சின்னேன். "நாங்கள் வந்த காலத்தில இஞ்ச கோயில் எண்டு ஒண்டும் இல்லை தம்பி, பிறகு க்ரொய்ஸ்பெர்க்கில ஒரு நிலவறைக்குள்ள வச்சுத்தான் கும்பிட்டனாங்கள், புகை போக வழியில்லை, கற்பூரம் காட்டினா எல்லாரும் இருமிறது"ன்னு சிரிச்சாங்க. பக்கத்துல பேரப்பையன் ஜெர்மன்ல எப்ப வீட்டுக்கு போறோம்னு நச்சரிக்கறான், இவங்க தமிழ்ல "பொறுடா"ங்கறாங்க, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் குறையில்ல.

எண்பதுகள்ல இலங்கைச் சண்டைக்குப் பயந்து வந்தவங்க, அகதி பேப்பருக்காக வருஷக்கணக்கா காத்திருந்தவங்க, இந்த ஊர் ஹோட்டல் சமையல்கட்டுல பாத்திரம் கழுவி சிறுகச் சிறுக சேத்து கட்டின இடம். எனக்கு ப்ளூ கார்டு (வேலைக்கான வதிவிட அனுமதி) கையில குடுத்து கம்பெனிக்காரன் ஏர்போர்ட்ல கூட்டிட்டு வந்தான். அந்த வித்தியாசத்த அவங்க ஒருத்தரும் சொல்லிக் காட்டல, சர்க்கரைப் பொங்கல் ரெண்டாவது தொன்னையும் குடுத்தாங்க.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி. கடை எல்லாம் மூடி, பெர்லின்ல இன்னிக்கு காலை நாலு மணிலேர்ந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் பொது இடத்துல டான்ஸ் நிகழ்ச்சிக்கே தடை, சட்டமாவே இருக்கு. க்ளப்புக்குப் பேர் போன ஊர்ல!

டோர்ஷ்லாய்ஷ்டிங் தெருவுக்கு நடந்தேன் (இந்தப் பேர வாயில நுழைக்கவே தனி தைரியம் வேணும், இங்க பாதித் தெருவுக்கு ஃப்ரிட்ஸ் ராய்ட்டர்ங்கற எழுத்தாளரோட கதைகள்லேர்ந்து பேர் எடுத்து வச்சிருக்காங்க). 48ஆம் நம்பர் வீட்ல எரிஷ் ம்யூஸாம் இருந்தார், கவிஞர், அராஜகவாதி, யூதர். 1933 பிப்ரவரி 27 ராத்திரி நாடாளுமன்றக் கட்டடம் எரிஞ்சுது, மறுநாள் விடியறதுக்குள்ள இவர நாஜிங்க இந்த வீட்லேர்ந்து பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அடுத்த வருஷம் ஜூலைல ஓரானியன்பர்க் முகாம்ல கொன்னாங்க. வீடு ரொம்ப சின்னது, ஒல்லியானது, வாசல்ல யாரோ ஒரு சைக்கிள சாத்தி வச்சிருந்தாங்க. டவுட்டும் 1933லயே நாட்ட விட்டு ஓடினவர்தான், ஜப்பான் போயி, அங்கேர்ந்து துருக்கி போயி, 1938ல இஸ்தான்புல்ல செத்து அங்கயே புதைச்சாங்க. எங்க தெருமுனைல காய்கறி விக்கற துருக்கிக்காரர்கிட்ட இதச் சொன்னேன், எடிர்னேகபு இடுகாட்டுலன்னதும் கத்திரிக்காய கீழ வச்சுட்டு "அது எங்க மாமா வீட்டுக்குப் பக்கம்"னார். அன்னிக்கு கொத்தமல்லி ஓசி.

இன்னொண்ணும் எழுதணும். இங்க நடைபாதைல பித்தளை முகம் வச்ச சின்னக் கல்லு பதிச்சிருப்பாங்க, நாஜிங்க கொன்னவங்க பேரு, பிறந்த வருஷம், எங்க செத்தாங்கன்னு. 2017 நவம்பர்ல நொய்க்கோல்ன்ல பதினாறு கல்ல ராத்திரியோட ராத்திரியா பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க, அதுல இந்தக் குடியிருப்போட கல்லும் உண்டு. ஜனங்க காசு போட்டு மறுபடி பதிச்சாங்க. இதே பிரிட்ஸ்ல ஆஸ்பத்திரிக்கு எதிர்ல புராக் பெக்டாஷ்னு துருக்கி வம்சாவளி 22 வயசுப் பையன 2012 ஏப்ரல்ல சுட்டுக் கொன்னான் ஒருத்தன், எவன்னு இன்னும் தெரியல, அந்த மூலைல ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. ராத்திரி அந்தப் பக்கமா வரும்போது ஹெட்ஃபோன கழட்டிடுவேன்.

ஏப்ரல் 23, புதன்

பின்தெருல தோட்ட வீடு இருக்கறவர் வாசக்கதவ கழட்டி ரெண்டு முக்காலி மேல போட்டு சுரண்டிட்டு இருந்தார். எழுபது வயசு இருக்கும். நின்னு பாத்தேன், அவரே கூப்டு காட்டினார். பட்டைக் கத்தியால ஒரு ஓரத்துல மட்டும் படிக்கட்டா சுரண்டியிருக்கார், மேல பிரவுன், அதுக்கு அடியில வெள்ளை, அப்புறம் ஒரு அசிங்கமான சாம்பல், அதுக்கும் அடியில நகக்கண்ணளவு மஞ்சள். "இதுதான் டவுட்"னார், சொந்தக்காரன் போட்டோவ காட்டற மாதிரி.

1998ல கெஹாக்க தனியாருக்கு வித்தாங்க. அதுக்கப்புறம் தோட்ட வீடுகள ஒவ்வொண்ணா குடியிருக்கறவங்களுக்கும் வெளி ஆளுங்களுக்கும் வித்தாங்க, 679 வீடு. மாடி வீடுகள் மட்டும் கம்பெனி கைல இருக்கு, வாடகைக்கு. அறநூத்திச் சொச்சம் ஓனர் வந்தா என்ன ஆகும், ஆளாளுக்கு இஷ்டத்துக்கு பிளாஸ்டிக் ஜன்னலும் ரெடிமேட் கதவும் போடுவான். பாரம்பரியச் சின்னம் ஆச்சே, அதனால சுவர் நிறம், ஜன்னல் சட்டம், கதவுல எந்தப் பட்டை எந்தக் கலர் எல்லாம் வீட்டுக்கு வீடு பழைய சாம்பிள் எடுத்து பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. சுவருக்கு சாதா எமல்ஷன் ஆகாது, சிலிக்கேட் கலந்த மினரல் பெயின்ட்தான். அது சுவரோட பிணைஞ்சுக்கும், உரியாது, விலையும் அதுக்கேத்த மாதிரி.

"வாங்கின காச விட பெயின்டுக்கு செலவு பண்ணினேன்"னு பெருமையாவே சொன்னார், கொஞ்சம் ஓவர்தான். இவரோட அப்பா அம்மா அம்பதுகள்ல இங்க வாடகைக்கு வந்தவங்களாம். இப்ப பக்கத்து வீட்ட வித்த விலைய சொன்னார், அத நான் எழுதல, எழுதினா எங்க வீட்ல நெஞ்சு வலி வரும்.

எனக்கு இதுல ஒரு பக்கம் மரியாதை, ஒரு பக்கம் எரிச்சல். கதவோட நாலாவது அடுக்கு மஞ்சள கண்டுபிடிக்க இவ்ளோ பொறுமை இருக்கற ஊரு, அந்தக் கதவுக்குள்ள யாரு இருக்கணும்னு யோசிச்சுத்தான் அந்த மஞ்சளே வந்துச்சுங்கறத பத்தி அவ்வளவா பேசறதில்ல.

ஏப்ரல் 27, ஞாயிறு

பிரிட்ஸர் கார்ட்டன். டூலிப் சீசன், வரிசை வரிசையா, குழந்தைகள ஏத்திட்டு குட்டி ரயில் வேற. 90 ஹெக்டேர். 1985ல தோட்டக்கலைக் கண்காட்சிக்காக போட்ட பார்க், மேற்கு பெர்லின் ஆளுங்கள சுத்தி சுவர் இருந்த காலம், சும்மா காரெடுத்துட்டு கிராமத்துப் பக்கம் போக முடியாது, அதனால கிராமத்தையே உள்ள கொண்டு வந்து மேடு, ஏரி எல்லாம் செஞ்சு வச்சாங்க. ஓரத்துல 1866ல கட்டின காத்தாலை மட்டும் நிஜமாவே பழசு.

திரும்பும்போது கால்வாய் பக்கமா சுத்தி வந்தேன். இந்தக் கரை பிரிட்ஸ், அந்தக் கரை கிழக்கு பெர்லினா இருந்தது. 1989 பிப்ரவரில க்ரிஸ் கெஃப்ராய்னு 20 வயசுப் பையன் இங்க தாண்டப் பாத்து சுட்டுட்டாங்க, சுவர்ல சுட்டுச் செத்த கடைசி ஆள் அவன்தான், ஒம்பது மாசம் பொறுத்திருந்தா சுவர் திறந்து ரயில் ஏறி வந்திருக்கலாம். இப்ப அந்தப் பக்கம் சைக்கிள் பாதை, ரெண்டு பேர் வாத்துக்கு பன் பிச்சுப் போட்டுட்டு இருந்தாங்க.

ஏப்ரல் 29, செவ்வாய்

உள்வாடகை ஜூன்ல முடியுது, வீட்டுக்காரம்மா லிஸ்பன்லேர்ந்து திரும்பி வராங்க. லாடத்துக்குள்ள காலி வீட்டு விளம்பரம் ஒண்ணு வந்துச்சு, ரெண்டரை ரூம், நான் அப்ளிகேஷன் டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள விளம்பரத்தையே எடுத்துட்டாங்க.

அதனால க்ரோபியுஸ்ஸ்டாட். அதே யூ7ல ரெண்டு மூணு ஸ்டாப் தள்ளி, 1962லேர்ந்து 75 வரைக்கும் கட்டினது, 18,500 வீடு. வால்டர் க்ரோபியுஸ் முதல்ல கம்மி உயரத்துலதான் திட்டம் போட்டார், நடுவுல சுவர் வந்து நகரம் வெளிய விரிய இடமில்லாம போனதால மேல மேல ஏத்திட்டாங்க. பிரிட்ஸ்காரங்க அந்தப் பேரச் சொன்னாலே உதட்ட பிதுக்குவாங்க. கோயில்ல பாத்த அந்த அம்மாவோட குடும்பம் முப்பது வருஷமா அங்கதான் இருக்காம், "லிஃப்ட் மட்டும் கவனம் தம்பி, மற்றபடி நல்ல இடம்".

நாளைக்கு ஆறரைக்கு லிப்ஷிட்ஸ் அலேல வீடு பாக்க கூப்டிருக்காங்க, பதினாலாவது மாடி. மூணு மாச சம்பள ஸ்லிப், கடன் பாக்கி இல்லேன்னு ஷூஃபா பேப்பர், பாஸ்போர்ட் காப்பி, முந்தின வீட்டுக்காரர் லெட்டர். ப்ரிண்டர்ல மஞ்சள் இங்க் தீந்து எல்லாம் ஊதாவா வருது, காலைல ஆபீஸ்ல எடுத்துக்கணும்.