தாமரின் உப்புப் பாத்தியும் மூளை நீரும்

மொரீஷியஸ் போனதும் நான் முதலில் கேட்டது கடற்கரையை அல்ல, உப்பளத்தை. தூத்துக்குடிக்காரனுக்கு உப்பு என்றால் வீட்டு நினைவு.

காத்ர் போர்ன் நகரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் கோர் தெ கார்த் மலையில் முருகன் கோயில், மதியம் வாழையிலையில் 'செத் காரி'. ஏழு கறி என்பதைத்தான் கிரியோலில் அப்படிச் சொல்கிறார்கள். அவர்கள் மகள் மருத்துவம் படிக்கிறாள். பள்ளியில் படித்த தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். உப்பளம் இருக்கும் தாமரின் ஊருக்குப் போகும் வழியில் காரிலேயே கேட்டாள்: "மாமா, கோராய்டு பிளெக்சஸ்ல டோபமைன் ஏற்பி இருக்கா? எங்கே இருக்கு?"

டோபமைன் என்பது நரம்புகள் சேதி கடத்தும் ஒரு வேதிப்பொருள்; அது வந்து ஒட்டும் செல் புரதம்தான் ஏற்பி. உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தவனிடம் இப்படி ஒரு கேள்வி வந்தால் எவ்வளவு சந்தோஷம்! "உப்பளத்துக்குப் போய்ச் சொல்றேம்மா" என்றேன்.

தாமரின் பாத்திகள் கருங்கல்லால் கட்டியவை. எங்கள் ஊரில் களிமண்ணை மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். ஆனால் வேலை ஒன்றுதான்: வெயில் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பு தங்கும்.

மூளைக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு. மூளையின் அறைகளுக்குள் பாசிக்கொத்துப் போலத் தொங்கும் திசுதான் கோராய்டு பிளெக்சஸ். நடுவில் ரத்த நுண்குழாய்கள், மேலே ஒற்றை அடுக்குச் செல்கள். அந்தச் செல்களில் சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் இருப்பது ரத்தத்தின் பக்கம் அல்ல, அறையில் நிரம்பியிருக்கும் மூளை நீரின் பக்கம். உப்பு அறைக்குள் போகும், தண்ணீர் அதன் பின்னாலேயே ஓடும். ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி ஊறுகிறது. ஒரு நேரத்தில் உள்ளே இருப்பதோ 150 மில்லிதான். அதாவது தினமும் மூன்று நான்கு முறை புது நீர்!

சரி, டோபமைன் எங்கே வந்தது? சிறுநீரகத்தில் டி1 என்ற டோபமைன் ஏற்பி வழியாக அது சோடியம் பம்பை மட்டுப்படுத்துகிறது. அப்படியானால் மூளை நீர் ஊறும் இடத்திலும் அதற்கு ஒரு பிடி இருக்குமோ என்று தேடத் தோன்றுவது நியாயம்தானே.

"எஸ்சிஹெச் 23390ன்னு ஒரு மருந்து கோராய்டு பிளெக்சஸ்ல நல்லா ஒட்டுது மாமா. அப்போ டி1 நிறைய இருக்குன்னு எழுதிட்டேன்" என்றாள்.

அங்கேதான் நிறுத்தினேன். கதிரியக்க அடையாளம் ஏற்றிய அந்த மருந்து டி1 ஏற்பியைத் தேடிப் போவது உண்மை. ஆனால் செரோடோனின் என்ற இன்னொரு சேதிப்பொருளின் 5-ஹெச்டி2சி ஏற்பியிலும் ஒட்டிக்கொள்ளும். கோராய்டு பிளெக்சஸில் அந்த ஏற்பிக்குப் பஞ்சமே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே 1980களில் இந்தத் திசுவில்தான் முதலில் தெரியவந்தது. அப்போது அதன் பெயர் 5-ஹெச்டி1சி. அதே மருந்து இங்கே டி1, செரோடோனின் ஏற்பி இரண்டிலும் ஒட்டுகிறது என்று 1988இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த மருந்தின் கதிர்வீச்சு பதிந்த படத்தில் திசு கருத்துத் தெரிந்தால் அத்தனையும் டோபமைன் கணக்கில் எழுதக் கூடாது. பாத்தியில் வெள்ளையாகப் படிவதெல்லாம் சாப்பாட்டு உப்பா? உப்புக்கு முன்னாலேயே ஜிப்சம் படியும், அப்புறம்தான் உப்பு. ஜிப்சத்தை முந்தின பாத்தியிலேயே இறக்கிவிட்டுத்தான் உப்பு வார வேண்டும்.

அவள் கொஞ்ச நேரம் பாத்தியையே பார்த்தாள். "செரோடோனின் பக்கத்தை வேற மருந்தால அடைச்சிட்டு, அப்புறமும் எவ்வளவு ஒட்டுதுன்னு பார்க்கணும்."

"அதேதான் கண்ணு."

கார் கிளம்பும் முன்பே போனைத் திறந்து அந்த வரியை அழித்தாள். என் மடியில் அரை கிலோ தாமரின் உப்பு, ஊருக்கு.