சீனன்குடாவில் கடிகாரம் பார்த்த காலம்

"போகலாமா?" திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளத்தில் விமானிகள் என்னிடம் கேட்டது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான். நான் வானிலை சொல்லும் வளிமண்டலவியல் திணைக்களத்து ஆள். சீருடை இல்லாமல், சீருடைக்காரர்களுக்கு நடுவே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன். முகிலின் அடித்தளம் இத்தனை அடி, பார்வைத் தூரம் இத்தனை கிலோமீற்றர், மூன்று மணிக்குப் பின் இடிமழைக்கு வாய்ப்புண்டு: இதோடு என் எல்லை முடிந்தது. முடிவு ஓட்டுபவருடையது. இளம் அதிகாரிகளுக்கு இது பிடிக்காது. தங்கள் பாரத்தில் பாதியை என் மேசையில் இறக்கப் பார்ப்பார்கள். மூத்தவர்கள் இலக்கங்களைக் குறித்துக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள்.

திருகோணமலை என்றாலே எல்லோரும் மார்கழி மழையைத்தான் நினைக்கிறார்கள். எனக்குத் தலைவலி கொடுத்தது கச்சான் காற்று. ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, சூடேறி எங்கள் பக்கம் இறங்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குக் கிடைக்கும் உயர்த்தும் விசையும் குறையும். அதனால் விமானம் ஓடுபாதையில் அதிக தூரம் ஓடவேண்டும், அல்லது சுமையைக் குறைக்கவேண்டும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று கச்சானைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் காற்றின் திசையே தலைகீழாகிவிடும். எங்கள் ஓடுபாதை 06-24: 06 என்றால் 60 பாகை, வடகிழக்கு நோக்கி; 24 என்றால் 240 பாகை, தென்மேற்கு நோக்கி. விமானம் காற்றை எதிர்த்தே புறப்படும். காலையில் 24ஆம் திசையில் புறப்பட்டது, மாலையில் 06ஆகும். அந்த மாற்றம் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதில்தான் எங்கள் திறமை இருந்தது. இரண்டு காற்றும் மோதும் கோட்டில் முகில் கோபுரமாக எழும்பும். அதன் கீழே இறங்க எவரும் விரும்பமாட்டார்கள்.

பிரித்தானியர் காலத்திலேயே இத்தொழிலுக்கு வந்துவிட்ட பெரியவர் ஒருவர்தான் என்னைப் பழக்கினார். "தம்பி, முதலில் தாளைப் பார், வானத்தைப் பிறகு பார்க்கலாம்" என்பார். அவர் சொன்ன தாள், வளியமுக்கத்தைக் கோடாக வரையும் பாரமானியின் உருளையில் சுற்றியிருப்பது. நம்முடைய அகலக்கோட்டில் அமுக்கம் நாளுக்கு இரண்டு முறை, காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் ஏறி, நான்கு மணியளவில் இறங்கும். கடிகாரம் தோற்கும் ஒழுங்கு அது. பத்து மணி ஏற்றம் வராமல் கோடு சரிந்துகொண்டே போனால், கிழக்கே கடலில் ஏதோ இருக்கிறது.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய சூறாவளியின்போது நான் புதியவன். காற்று வடகிழக்கிலிருந்து கிழக்காகி, பிறகு தென்கிழக்குக்குத் திரும்பினால் மையம் நமக்குத் தெற்கே கடக்கிறது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். காற்றுமானி அப்படித் திரும்புவதைப் பார்த்தபோது நிம்மதி வரவில்லை. தெற்கே இருப்பவர்களும் நம்மவர்கள்தானே. 2000 டிசம்பர் 26 அன்று சூறாவளி திருகோணமலைக்கு அருகிலேயே கரையேறியபோது செய்மதிப் படங்கள் கைக்கு வந்திருந்தன. என்றாலும் நான் தாளைத்தான் முதலில் பார்த்தேன். படம் பொய் சொல்லாது. ஆனால் அது நம் ஓடுபாதையின் மேல் நின்று எடுத்ததல்ல.

நேரக் குழப்பத்தையும் சொல்லவேண்டும். வானிலை அவதானிப்பு உலகெங்கும் கிறீனிச் நேரப்படி மூன்று மணிக்கு ஒருமுறை நடப்பது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. எங்களுக்கு அது காலை 5.30, 8.30 என்று போகும். 1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பித் தந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. சந்தைக்கு வந்தவர்கள் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பறப்புக் கட்டளை கொழும்பு நேரத்தில் வரும், எங்கள் அறிக்கை கிறீனிச் நேரத்தில் போகும். 8.30 அவதானிப்பு முதலில் 9.30 ஆனது, பிறகு 9.00 ஆனது. ஒவ்வொரு புதிய அதிகாரிக்கும் இதை விளக்குவதே தனி வேலை. அறையில் கிறீனிச் நேரம் காட்டிய கடிகாரத்தை மட்டும் நான் எவரையும் தொடவிடவில்லை. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்கே திரும்பியபோது மற்றக் கடிகாரங்களைத் திருத்த ஓர் ஆள் ஏணியோடு வந்தார். கிறீனிச் கடிகாரத்தைக் காட்டி, இதற்கு வேலை இல்லை என்று அனுப்பிவைத்தேன்.